தள்ளாடும் டெக் கம்பெனியின் ஷேர் கையில் இருக்கிறதா? பங்குதாரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாமா இறந்து மூன்று மாதம் கழித்து, இரும்பு பீரோவில் இருந்த துணிப்பை ஒன்றை அத்தை எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே ஒன்பது பங்குச் சான்றிதழ்கள். மில்லில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாயை 2000ஆம் ஆண்டில் ஒரு கணினி நிறுவனத்தில் போட்டிருந்தார் மாமா. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். விலை சரிந்த பிறகு எப்போது கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "கம்பெனி இன்னும் இருக்கிறதே மாப்பிள்ளை, மூடிவிடவில்லையே." அவர் சொன்னது உண்மை. கம்பெனி இருந்தது. மாமாவின் ஒன்றரை லட்சம்தான் இல்லை.

மதுரை சிம்மக்கல்லில் வரிக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஜூன், ஜூலை மாதங்களில் கணக்குத் தாக்கல் செய்ய வருகிறவர்களில் சிலராவது ஏதோ ஒரு மென்பொருள் அல்லது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பங்கை வைத்துக்கொண்டு, "சார், இந்தக் கம்பெனி தேறுமா?" என்று கேட்கிறார்கள். கேள்வியே பாதி வழியில் நின்றுவிடுகிறது. கம்பெனி தேறுவது ஒரு விஷயம். தேறிய கம்பெனியில் பழைய பங்குதாரருக்கு என்ன மிஞ்சும் என்பது வேறு விஷயம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் மாமா இருபது வருடம் காத்திருந்தார். அப்படி இன்னொருவர் காத்திருக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் இல்லை. எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று இதில் சொல்லப் போவதில்லை. உங்கள் கையில் இருப்பதை நீங்களே எடைபோடும் முறையை மட்டும் சொல்கிறேன்.

முதல் படி: இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள்

திருமங்கலத்தில் ஆசிரியையாக இருக்கும் என் அண்ணியின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டதற்கு, "இரண்டாயிரம் இருக்கும்" என்றார். பார்த்தால் 4,000. விலை இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியதில் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிட்டது அவருக்கே தெரியவில்லை. சராசரி விலை 60 ரூபாய், போட்ட பணம் 2,40,000. சந்தை விலை 9 ரூபாய், கையில் இருக்கும் மதிப்பு 36,000. இந்த நான்கு எண்களையும் தாளில் எழுதியபோது அவர் முகம் மாறியது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். கைப்பேசித் திரையில் சிவப்பு நிறத்தில் தெரியும் சதவீதம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. சொந்தக் கையெழுத்தில் எழுதிய ரூபாய் பழகுவதில்லை.

பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டிமேட் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, அந்தக் கணக்குகளைப் பராமரிக்கும் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். அமைப்பிலிருந்து ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை மின்னஞ்சலில் வரும். அதில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். நியமனதாரர் பெயர் பதிவாகி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மாமாவைப் போலக் காகிதச் சான்றிதழாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். 2019 ஏப்ரல் 1 முதல் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் காகிதப் பங்கை இன்னொருவர் பெயருக்கு விற்று மாற்ற முடியாது. முதலில் டிமேட் ஆக்க வேண்டும். உரியவர் இறந்திருந்தால் அதற்கும் முன்னால் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். ஏழு வருடம் தொடர்ந்து ஈவுத்தொகை வாங்காமல் கிடந்த பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் போயிருக்கும். அங்கிருந்து மீட்க ஐ.இ.பி.எஃப்-5 என்ற படிவம் உண்டு. அலைய வேண்டிய வேலைதான். ஆகவே பங்குக்கு இன்று மதிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இரண்டாம் படி: கடன் போக மிச்சம் எவ்வளவு?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

அண்ணாநகரில் ஒருவருக்கு வீடு இருக்கிறது. வங்கியில் அதன்மேல் 75 லட்சம் கடன். தவணை நின்றுபோய் வங்கி வீட்டை ஏலம் விடுகிறது. 60 லட்சத்துக்குப் போகிறது. வீட்டுக்காரருக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. வீடு இடிந்துவிடவில்லை. வாங்கியவர் பால் காய்ச்சிக் குடி போகிறார். பழைய உரிமையாளர் மட்டும் வெளியே நிற்கிறார். பங்குதாரர் என்பவர் அந்தப் பழைய உரிமையாளர்தான்.

இதையே 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம், 53ஆவது பிரிவில் வரிசையாகச் சொல்கிறது. நிறுவனம் கலைக்கப்பட்டால் வரும் பணத்தில் முதலில் நடைமுறைச் செலவு. அடுத்து, தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும் சொத்தை ஈடாக வைத்துக் கடன் கொடுத்தவர்களின் பாக்கியும் சம நிலையில். பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். பிறகு ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்கள். அதற்கும் பிறகு அரசுக்குச் சேர வேண்டியது, இதர பாக்கிகள், முன்னுரிமைப் பங்குதாரர்கள். எல்லாரும் வாங்கி முடித்த பின் பானையில் ஏதாவது ஒட்டியிருந்தால் அதுதான் சாதாரணப் பங்குதாரருக்கு. என் அண்ணியும் உங்களில் பெரும்பாலானவர்களும் நிற்பது அந்தக் கடைசி இடத்தில்.

ஆகவே நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இருப்புநிலைக் குறிப்பை, அதாவது சொத்தும் கடனும் எழுதிய பக்கத்தைத் திறந்து இரண்டு எண்களை எடுங்கள். மொத்தக் கடன் எவ்வளவு, அவசரத்துக்கு விற்றால் என்ன தேறும். முதல் எண் அச்சில் இருக்கிறது. இரண்டாவதை நீங்கள்தான் மதிப்பிட வேண்டும். தொழில்நுட்ப நிறுவனத்தில் இந்த மதிப்பீடு பஞ்சாலையில் செய்வதைப் போல இருக்காது.

மதுரையில் ஹார்வி மில் சங்குச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஆலை மூடினாலும் நிலம் இருக்கும், கட்டடம் இருக்கும், எந்திரத்தைப் பழைய இரும்பாகவாவது போடலாம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. மாமாவின் நம்பிக்கையும் அங்கிருந்து வந்ததுதான். மென்பொருள் நிறுவனத்துக்குப் பல நேரம் கட்டடம் வாடகை, கணினிகள் குத்தகை. இருப்புநிலைக் குறிப்பில் "உருவமற்ற சொத்துகள்" என்று நூறு கோடி எழுதியிருந்தால், அதில் பெரும்பகுதி அவர்களே எழுதிய மென்பொருளுக்கு அவர்களே போட்டுக்கொண்ட விலையாக இருக்கலாம். நிறுவனம் முடங்கிய அன்று அதை வாங்க யார் வருவார்? மிச்சம் இருப்பது திறமையான ஊழியர்களும் வாடிக்கையாளர் ஒப்பந்தங்களும். இரண்டும் நிலத்தைப் போல ஒரே இடத்தில் கிடப்பவை அல்ல.

2018 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலேயே தொடங்கி வளர்ந்த ஏர்செல்லின் சிக்னல் திடீரென்று விழுந்தது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள மக்கள் கடை கடையாக நின்றார்கள். அந்த நிறுவனம் திவால் நடைமுறைக்குப் போய்ச் சேர்ந்தபோது வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் போய்விட்டிருந்தார்கள். வாடிக்கையாளர்தான் அங்கே சொத்து. கோர்ட் மதிப்பீட்டாளர் வந்து அளக்கும் வரை காத்திருக்காத சொத்து அது. எனவே தொழில்நுட்ப நிறுவனத்தின் உருவமற்ற சொத்துகளை உங்கள் கணக்கில் பூஜ்ஜியம் என்று வைத்துப் பாருங்கள். அப்படி வைத்தும் கடனைவிடச் சொத்து அதிகமாக இருந்தால் நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது.

மூன்றாம் படி: கம்பெனி தானே கொடுத்த ஆவணங்களைப் படியுங்கள்

வாட்ஸ்அப்பில் வந்ததை எல்லாம் ஒரு பக்கம் வையுங்கள். மும்பைப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை இரண்டின் இணையதளத்திலும் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் அறிவிப்புகள் அனைத்தும் இலவசமாக வரும். ஆண்டறிக்கை இருநூறு, முந்நூறு பக்கம் இருக்கும். அதில் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. நான் படிக்கும் வரிசையைச் சொல்கிறேன்.

தணிக்கையாளர் அறிக்கையில் தொடங்குகிறேன். தலைவரின் கடிதத்துக்கு நான் கடைசியில்தான் போவேன். அதில் எப்போதும் விடியல்தான் இருக்கும். தணிக்கையாளர், நிறுவனம் தொடர்ந்து இயங்கும் திறன் குறித்து "பெரிய நிச்சயமின்மை" இருப்பதாக எழுதியிருக்கிறாரா? அப்படி ஒரு வரி இருந்தால், நிறுவனத்தின் கணக்கை உள்ளே இருந்து பார்த்தவர் கையெழுத்துப் போட்டு எச்சரிக்கிறார் என்று பொருள். ஐந்து வருடத்துக்கு அமர்த்தப்பட்ட தணிக்கையாளர் நடுவில் விலகியிருந்தால், அவர் சொன்ன காரணத்தைத் தேடிப் படியுங்கள். நிதி அதிகாரியும் சுயேச்சை இயக்குநர்களும் சில மாத இடைவெளியில் அடுத்தடுத்து விலகினால், "சொந்தக் காரணங்கள்" என்று எத்தனை பேர் எழுதியிருந்தாலும் நான் நம்புவதில்லை.

அடுத்து ரொக்க ஓட்டம். லாபம் என்பது கணக்கெழுதும் முறையைப் பொறுத்தது. தொழிலில் இருந்து கையில் வந்த பணம் அப்படி வளையாது. மூன்று வருடம் லாபம் காட்டிய நிறுவனத்துக்கு அதே மூன்று வருடமும் தொழிலில் இருந்து ரொக்கம் வரவில்லை என்றால், விற்றதாகச் சொன்ன சேவைக்குப் பணம் வசூலாகவில்லை. வர வேண்டிய பாக்கி ஆண்டு விற்பனையில் எத்தனை பங்கு என்று வகுத்துப் பாருங்கள். நூறு கோடி விற்பனையில் ஐம்பது கோடி பாக்கி நிற்கிறது என்றால் சராசரியாக ஆறு மாதம் கழித்துத்தான் பணம் வருகிறது. பூ மார்க்கெட்டில் அப்படிக் கடன் விட்டால் எந்த வியாபாரியும் மறு வருடம் கடை போட மாட்டார்.

ரொக்கம் நிறைய இருப்பதாகக் காட்டிக்கொண்டே கடனும் வாங்கும் நிறுவனத்தைப் பார்த்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

கடைசியாக மூன்று சிறிய அறிவிப்புகள். புரமோட்டர், அதாவது நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கும் முதன்மை உரிமையாளர், தன் பங்கில் எவ்வளவை அடகு வைத்திருக்கிறார் என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பங்குடைமை அறிக்கையில் இருக்கும். அடகு ஏறிக்கொண்டே போனால், விலை சரியும் ஒருநாள் கடன் கொடுத்தவர் அந்தப் பங்கை எடுத்து விற்பார். சரிவு இன்னும் வேகமாகும். வங்கிக் கடனின் அசலோ வட்டியோ 30 நாளைத் தாண்டி நிலுவையில் நின்றால், அடுத்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனம் சந்தைக்குச் சொல்ல வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் உள்ள செபி விதி. அந்த அறிவிப்பு வந்துவிட்டதா என்று பாருங்கள். கடன் தரமதிப்பீட்டு நிறுவனம் தந்த மதிப்பு 'டி' என்று இறங்கியிருந்தால் தவணை தவறிவிட்டது என்று அர்த்தம்.

நான்காம் படி: முன்னால் இருக்கும் பாதைகளில் உங்கள் பங்கு என்ன ஆகும்?

முதல் பாதை, புதுப் பணம் வந்து கம்பெனி பிழைப்பது. செய்தித்தாளில் நல்ல செய்தியாக வரும். பழைய பங்குதாரருக்கு அது நல்ல செய்தியா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். வோடஃபோன் ஐடியாவை எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்டில் இரண்டு நிறுவனங்களும் இணைந்தபோது இருந்த பங்குகள் சுமார் 873 கோடி. 2019இல் 12.50 ரூபாய் விலையில் 25,000 கோடிக்கு உரிமைப் பங்கு வெளியீடு, அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குத் தரும் புதுப் பங்கு. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று வருவாயில் அரசுக்குத் தர வேண்டிய பாகத்தின் நிலுவை குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எதிராக வந்தது. 2023 பிப்ரவரியில் மத்திய அரசுக்குத் தர வேண்டிய 16,133 கோடி, 10 ரூபாய்ப் பங்குகளாக மாறியது. 2024 ஏப்ரலில் 11 ரூபாய் விலையில் 18,000 கோடிக்கு மறுபடியும் வெளியீடு. 2025 ஏப்ரலில் இன்னும் 36,950 கோடி நிலுவை, அரசின் பங்காக மாறி, அரசின் உடைமை ஏறக்குறைய 49 சதவீதத்துக்குப் போனது. மொத்தப் பங்குகள் 10,800 கோடியைத் தாண்டிவிட்டன.

கம்பெனி இயங்குகிறது, கோபுரங்கள் இயங்குகின்றன, சிம் வேலை செய்கிறது. ஆனால் 2018இல் இருந்த பங்கோடு, புதிதாக எதிலும் பணம் போடாமல் இருந்தவரின் உடைமை பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. இட்லி மாவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவதைப் போல. நாளை கம்பெனி பழைய மதிப்புக்கு முழுமையாகத் திரும்பினாலும் ஒரு பங்கின் விலை பழைய இடத்துக்குத் திரும்பாது. "ஒரு காலத்தில் நூறு ரூபாய் விற்றது" என்று சொல்பவர்கள் பங்குகளின் எண்ணிக்கையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உங்கள் நிறுவனத்தின் ஐந்து வருட ஆண்டறிக்கைகளில் பங்கு எண்ணிக்கையை மட்டும் எடுத்து வரிசையாக எழுதிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

உரிமைப் பங்கு அறிவித்தால் சும்மா இருக்காதீர்கள். உரிமை டிமேட் கணக்கில் வரவு வைக்கப்படும். பணம் போட விருப்பம் இல்லை என்றால் அந்த உரிமையையே குறிப்பிட்ட நாள்களுக்குள் சந்தையில் விற்கலாம். விற்கவும் இல்லை, விண்ணப்பிக்கவும் இல்லை என்றால் அது காலாவதியாகிவிடும். என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படித்தான் இழந்திருக்கிறார்கள்.

இரண்டாவது பாதை, வேறு ஒரு நிறுவனம் வாங்குவது. இதில்தான் சத்யம் மறுபடி வருகிறது. மோசடி வெளியான நாளில் பங்கு விலை நாலில் மூன்று பங்குக்கு மேல் விழுந்தது. சில நாள்களுக்குள் அரசு பழைய இயக்குநர் குழுவை நீக்கிப் புதியதை அமர்த்தியது. 2009 ஏப்ரலில் டெக் மஹிந்திரா ஒரு பங்குக்கு 58 ரூபாய் விலையில் ஏலத்தை வென்றது. 2013இல் இணைப்பு முடிந்தபோது 17 சத்யம் பங்குக்கு 2 டெக் மஹிந்திரா பங்கு கிடைத்தது. இங்கே பங்குதாரருக்கு ஏதோ மிஞ்சியதற்குக் காரணம் இருக்கிறது: பொய்யாகிப்போனது கணக்குதான்; வாடிக்கையாளர்களும் ஊழியர்களும் வேலையும் உண்மை. அவர்கள் ஓடுவதற்குள் புது நிர்வாகம் வந்தது. பெரிய வங்கிக் கடன் சுமையும் இல்லை. உங்கள் நிறுவனத்துக்கு இந்த மூன்றும் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளாமல் "சத்யம் மீளவில்லையா" என்று சொல்லக் கூடாது.

மூன்றாவது பாதை திவால் நடைமுறை. கடன் கொடுத்தவர் 1 கோடி ரூபாய்க்குக் குறையாத பாக்கிக்காக தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனு ஏற்கப்பட்டால் நிர்வாகம் இடைக்காலத் தீர்வாளர் கைக்குப் போகும். வழக்குகளுக்கும் வசூலுக்கும் தற்காலிகத் தடை வரும். 180 நாள், அதோடு 90 நாள் நீட்டிப்பு, வழக்காடல் உட்பட 330 நாள் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் வருடக்கணக்கில் இழுக்கிறது. முடிவெடுப்பது கடன் கொடுத்தவர்களின் குழு. 66 சதவீத வாக்கு இருந்தால் ஒரு தீர்வுத் திட்டம் தேறும். அந்தக் குழுவில் பங்குதாரருக்கு வாக்கு கிடையாது.

வீடியோகான் குழும நிறுவனங்கள் மீது ஏற்கப்பட்ட கோரிக்கைகள் சுமார் 65,000 கோடி. 2021இல் ஒப்புதல் பெற்ற திட்டம் தர முன்வந்தது 2,962 கோடி. கடன் கொடுத்தவர்களுக்கே நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. பங்குதாரர்களுக்கு எதுவும் இல்லை, பங்கு பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார்கள். அந்தத் திட்டம் பின்னால் மேல்முறையீட்டில் ரத்தானது; அதனால் பங்குதாரருக்குப் பணம் முளைத்துவிடவில்லை. அதே ஆண்டில் வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல். பிரமல் குழுமத்திடம் போனபோதும் இதே கதை: தொழில் தொடர்ந்தது, பழைய பங்கு பூஜ்ஜியம்.

சமையல் எண்ணெய் நிறுவனமான ருச்சி சோயாவைச் சொல்லி எதிர்வாதம் செய்வார்கள். 2020 ஜனவரியில் மறுபடி பட்டியலுக்கு வந்து ஜூனுக்குள் 1,500 ரூபாயைத் தாண்டியது உண்மைதான். ஆனால் பழைய பங்குதாரரின் 100 பங்கு அங்கே 1 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு பங்கைத்தான் 1,500 ரூபாயோடு பெருக்க வேண்டும்.

கலைப்பு என்ற நான்காவது பாதையைப் பற்றி இரண்டாம் படியில் சொன்னதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: விற்பதா, வைத்திருப்பதா?

வாங்கிய விலையை ஒரு நிமிடம் மறந்துவிடுங்கள். அண்ணியிடம் நான் கேட்டது இதுதான்: "36,000 ரூபாயை ரொக்கமாக உங்கள் கையில் கொடுத்தால், நாளைக் காலை இதே பங்கை வாங்குவீர்களா?" அவர் உடனே "மாட்டேன்" என்றார். அப்படியானால் வைத்திருப்பதற்கு நிறுவனம் காரணம் இல்லை, போட்ட பணத்தின் வலிதான் காரணம்.

விலை பாதியானதால் மேலும் வாங்கிச் சராசரியைக் குறைக்கலாம் என்ற எண்ணம் வரும். மாட்டுத்தாவணியில் காலையில் ஆயிரத்துக்குப் போன மல்லிகை மாலையில் முந்நூறுக்குக் கிடைக்கிறது என்பதற்காக மறுநாள் கல்யாணத்துக்கு யாரும் வாங்கி வைப்பதில்லை. கணக்கு வலுவாக இருக்கும் நிறுவனத்தில் இறக்கத்தில் வாங்குவது வேறு. இரண்டாம் படியின் கணக்கில் மிச்சம் வராத நிறுவனத்தில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதீர்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடுமே என்று பயப்படுகிறவர்கள் வரிக் கணக்கையும் பார்க்க வேண்டும். பட்டியலிட்ட பங்கை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு, ஆண்டுக்கு 1,25,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையில் 12.5 சதவீத வரி. அண்ணி பங்குகளில் முதலீடு செய்யும் ஒரு பரஸ்பர நிதியை விற்றதில் அந்த ஆண்டு 3,00,000 ரூபாய் நீண்டகால லாபம். விலக்கு போக 1,75,000க்கு வரி 21,875. கூடுதல் தீர்வையோடு 22,750. இந்தப் பங்கை அதே நிதியாண்டுக்குள் விற்றால் 2,04,000 ரூபாய் நீண்டகால நஷ்டம். அதை லாபத்தில் கழித்தால் மிஞ்சுவது 96,000, வரியே இல்லை. ஆக, விற்பதால் அவர் கைக்கு வருவது 36,000 மட்டும் அல்ல, மிச்சமான வரி 22,750ம் சேர்த்து 58,750. தரகுக் கட்டணம் சிறிது போகும்.

நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். குறுகியகால நஷ்டத்தை இரண்டிலும் கழிக்கலாம். சம்பளத்தில் எதையும் கழிக்க முடியாது. லாபம் இல்லாத ஆண்டு என்றால் எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம். ஆனால் நஷ்டம் வந்த ஆண்டின் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் வந்து நிற்பவர்களிடம் "இல்லை" என்று சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கும்.

இதில் அவசரம் எங்கே வருகிறது என்றால், சந்தையில் விற்ற சீட்டு இருக்கும் வரை நஷ்டத்துக்குச் சாட்சி உண்டு. வர்த்தகம் நிறுத்தப்பட்டுவிட்டால் விற்க வழி இல்லை. பங்கு பூஜ்ஜியமானது என்று சொல்லி நஷ்டத்தைக் கோருவது வரித்துறையோடு வழக்காடும் வேலையாகிவிடும். சிக்கலில் உள்ள பங்குகளைச் சந்தை கூடுதல் கண்காணிப்பில் வைக்கும். சில கட்டங்களில் வாரத்துக்கு ஒரு நாள்தான் வர்த்தகம் நடக்கும். ஒரு நாளில் விலை இறங்கலாம் என்று சந்தை வைத்த கீழ் எல்லையில்கூட வாங்க ஆளே இல்லாத நாள்கள் வரும். விற்பது என்று முடிவெடுத்தால் கதவு திறந்திருக்கும்போதே வெளியேறுங்கள்.

எல்லாவற்றையும் விற்க மனம் இல்லாதவர்கள் பாதியை விற்கலாம். மீதியை வைத்திருக்க ஒரு நிபந்தனை எழுதிக்கொள்ளுங்கள்: அடுத்த இரண்டு காலாண்டுக்குள் தொழிலில் இருந்து ரொக்கம் வரத் தொடங்காவிட்டால் மீதியும் போகும் என்பது மாதிரி.

ஆறாம் படி: வழக்கு வந்துவிட்டால்

"ஒத்தக்கடையில் இருக்கும் உயர்நீதிமன்றக் கிளையில் கேஸ் போடலாமா?" என்று ஒருவர் கேட்டார். திவால் வழக்கு அங்கே வராது. நிறுவனத்தின் பதிவு அலுவலகம் தமிழ்நாட்டில் இருந்தால் சென்னையில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாய அமர்வு. பெங்களூரில் இருந்தால் அங்கே. சாதாரணப் பங்குதாரர் கோரிக்கை மனு கொடுக்க வேண்டியதும் இல்லை, பஸ் ஏற வேண்டியதும் இல்லை. பங்கு டிமேட் கணக்கில் இருப்பதே பதிவு.

ஆனால் அதே நிறுவனத்தில் கடன் பத்திரம் வைத்திருந்தால், வைப்புத்தொகை போட்டிருந்தால், சம்பள பாக்கி இருந்தால் நீங்கள் கடன் கொடுத்தவர். அப்போது நிலைமை தலைகீழ். தீர்வாளர் வெளியிடும் பொது அறிவிப்பில் கடைசித் தேதி இருக்கும். அதற்குள் உரிய படிவத்தில் ஆதாரங்களோடு கோரிக்கை அனுப்ப வேண்டும். பங்குதாரராக மட்டுமே தன்னை நினைத்துக்கொண்டு, பத்திரக் கோரிக்கையைக் கோட்டைவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

அங்கேயே வேலை பார்ப்பவர்களுக்கு

இலந்தைக்குளம், வடபழஞ்சி தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் வந்த பிறகு, ஊழியர் பங்குத் திட்டத்தில் பங்கு வாங்கிய இளைஞர்களும் என்னிடம் வருகிறார்கள். சம்பளமும் சேமிப்பும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது ஆபத்து. ஊழியருக்கென்று நிறுவனம் வைத்த 10 ரூபாய் உரிமை விலையில் 1,000 பங்கு எடுக்கும் நாளில் சந்தை விலை 110 என்றால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு லட்சம் ரூபாய் சம்பளமாகக் கணக்கிடப்பட்டு வரி பிடிக்கப்படும். பிறகு விலை 20க்கு விழுந்தாலும் கட்டிய வரி திரும்பாது. அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது. தள்ளாடும் நிறுவனத்தில் உரிமையைப் பயன்படுத்தும் முன் இதைக் கணக்குப் போடுங்கள்.

வருங்கால வைப்புநிதி மாதாமாதம் உங்கள் கணக்கில் ஏறுகிறதா, சம்பளத்தில் பிடித்த வரி வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் தெரிகிறதா என்று பாருங்கள். பணமுடை முதலில் அங்கேதான் தெரியும். ஆனால் உள்ளே இருப்பதால் மட்டும் தெரியவந்த ரகசியத்தை வைத்துப் பங்கை விற்பதும், சொந்தக்காரரிடம் சொல்லி விற்க வைப்பதும் செபியின் 2015ஆம் ஆண்டு உள்வர்த்தகத் தடை விதிகளின்படி குற்றம். "தம்பி உள்ளே இருக்கிறான், அவனிடம் கேட்டுச் சொல்" என்று பெரியவர்கள் சாதாரணமாகக் கேட்பார்கள். தம்பியை மாட்டிவிடாதீர்கள்.

ஏழாம் படி: விழுந்தவரைத் தேடி வருபவர்கள்

நஷ்டத்தில் இருப்பவரின் எண் எப்படியோ சிலருக்குக் கிடைத்துவிடுகிறது. "இந்தப் பங்கை அமெரிக்கக் கம்பெனி வாங்கப் போகிறது, அறிவிப்புக்கு முன் சேருங்கள்" என்று டெலிகிராம் குழு. "உங்கள் பங்குப் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் ஐயாயிரம்" என்று தொலைபேசி. அத்தைக்கே அப்படி ஓர் அழைப்பு வந்தது. மாமாவின் பெயர், சான்றிதழ் எண்ணிக்கை எல்லாம் சொல்லி, "முத்திரைக் கட்டணம்" கேட்டார்கள். அவர் என்னிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டதால் தப்பித்தார். எந்த அரசு அமைப்பும் பங்கை மீட்டுத் தரத் தொலைபேசியில் பணம் கேட்காது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். நிறுவனத்தின் மீதோ தரகரின் மீதோ குறை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம். ஆலோசனை சொல்பவர் எவராக இருந்தாலும் அவருடைய பதிவு எண்ணைச் செபி தளத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் பேச்சைக் கேளுங்கள்.

எட்டாம் படி: நாள்காட்டியில் நான்கு தேதிகள்

மீதிப் பங்கை வைத்திருப்பது என்று முடிவெடுத்தவர்கள் தினமும் விலை பார்க்கத் தேவையில்லை. காலாண்டு முடிந்து 45 நாளுக்குள்ளும், ஆண்டு முடிந்து 60 நாளுக்குள்ளும் முடிவுகளை வெளியிட வேண்டும் என்பது விதி. ஆகஸ்டு 14, நவம்பர் 14, பிப்ரவரி 14, மே 30. தேதி கடந்தும் முடிவு வரவில்லை என்றால் அதுவே பெரிய செய்தி. வந்தால் மூன்றாம் படியில் சொன்ன இடங்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவையுங்கள்.

வீட்டில் இன்னொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மாமா அத்தையிடம்கூடச் சொல்லவில்லை. அவமானமாக நினைத்திருப்பார். அந்தத் துணிப்பையைத் திறக்கும் வரை ஒன்றரை லட்சத்தைப் பற்றி அத்தைக்குத் தெரியாது. இப்போது அத்தையின் பெயரில் வேறு இரண்டு நிறுவனங்களின் பங்குகள் கொஞ்சம் இருக்கின்றன. சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் மாதக் காலண்டரில், கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிக்குப் பக்கத்தில், ஆகஸ்டு 14ஐச் சுற்றி அவரே சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.